முதலாளியம்மாவைக் காணவில்லை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பெட்டியைத்தான் பார்த்தேன். முகம் கழுவவில்லை, பாலை அடுப்பில் வைக்கவில்லை. பின்னறை ஜன்னலோரம் ஸ்டூலின் மேல் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் முன் மண்டியிட்டு, மேலே ஒட்டியிருக்கும் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாக உள்ளே பார்த்தேன். அடியில் ஊற்றியிருக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தின் ஈர வாசனையும், ஏறி வராமலிருக்க விளிம்பில் தடவிய முகப்பவுடரின் வாசனையும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு அது நீதான். உன் லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் குழம்பு வாசனைக்கும் முன்னால் வந்து நிற்பது அதுதான்.

எறும்புகள் இருந்தன. சாந்தில் நீ குடைந்து வைத்த குழிக்குள் ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு, கரிய பாசிமணி கொட்டிக் கிடப்பதுபோல் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தேடினேன். எதன் முதுகிலும் வெள்ளைப் புள்ளி இல்லை. நேற்றும் இல்லை. அதற்கு முதல் நாளும் இல்லை. இந்த வாரம் முழுக்க என் நெஞ்சுக்குள் யாரோ ஓவர்லாக் தையல் மெஷினைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்து போனதுபோல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவார். உன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். சர்ச்சில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேரே இங்கே வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "மொதலாளியம்மா எப்படி இருக்கா?" வெள்ளைப் புள்ளி வைத்த அந்த ராணி எறும்புக்கு நீ வைத்த பெயரை அவர் இன்னும் விடவில்லை. அவர் வருவதற்குள் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கே எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் மனம் கொஞ்சம் அடங்குகிறது.

கோயம்புத்தூரில் விலங்கியல் படித்த நாம் இருவரும் இந்த ஊருக்கு வந்து பனியன் கம்பெனி வேலையில் சேர்ந்தோம். நான் எக்ஸ்போர்ட் ஆபீஸில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். நீ துணி செக்கிங். விளக்கு போட்ட கண்ணாடி மேல் ஓடும் துணியில், ஒரு ஊசி தவறியதால் விழும் மெல்லிய கோட்டை நீ நடந்துகொண்டே கண்டுபிடிப்பாய். படித்த படிப்பு வீணாய்ப் போயிற்றே என்று நான் அலுத்துக்கொண்டால், "எங்க வீணாச்சு? தவளையத் திறந்த கையிதான் ரோலத் திறக்கு" என்பாய். ஆனால் நீ உள்ளுக்குள் அந்தப் படிப்பை விடவே இல்லை என்பது மூலனூரில்தான் எனக்குத் தெரிந்தது.

என் மாமன் தோட்டத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் முருங்கை மரத்து நிழலில் கண் அசந்திருக்க, நீ மட்டும் சரிந்து கிடந்த வரப்புக் கல்லையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தாய். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாய். மாமன் பதறிப்போய் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, கல்லுக்கடில என்ன தேடறீங்க? தேளு கெடக்குமுங்க."

"எறும்பு தேடுதேன் மாமா."

"எறும்புங்களா? அதுக்கு எதுக்குங்க மூலனூரு வரைக்கும் வந்தீங்க? உங்கூட்டுல சக்கரை டப்பா இல்லீங்களா?"

நீ சிரித்த சிரிப்பில் தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். சக்கரைக்கு வராத எறும்பு அது. ஒடுங்கிய உடம்பு, வளைந்த ஊசிபோன்ற தாடை. ஈரக் கல்லுக்கடியில் இருக்கும், தொட்டால் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிற உருண்டைப் பூச்சியை அந்தத் தாடையால் குத்தித் தூக்கிக்கொண்டு போனது. அந்த ஒரு பூச்சியைத் தவிர வேறெதையும் தின்னாது என்பதை நாம் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டோம். தேன், முட்டை, செத்த ஈ, கரப்பான், எதை வைத்தாலும் தாண்டிப் போய்விடும். "பட்டினி கெடந்தாலும் கெடக்குமே தவிர எறங்கி வராது" என்று நீ பெருமையாகச் சொல்வாய். எனக்கு அப்போதே பயம்தான். இவ்வளவு பிடிவாதமாக இருப்பது எப்படிப் பிழைக்கும் என்று.

அன்று உன் சுண்டுவிரலில் ஒன்று கொட்டியது. மாமன் சுண்ணாம்பு தடவிவிட்டார். வீங்கிய விரலோடு நீ பேருந்தில் ஒரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். இரண்டு கை நிறைய மண்ணும், கூட்டில் பாதியும், அதற்குள் எங்கேயோ ஒரு ராணியும்.

எங்கேயோ என்பதுதான் விஷயம். மற்ற எறும்புகளில் ராணி பெரிதாக இருக்கும், பறந்து வந்து இறக்கை உதிர்த்த தழும்பு இருக்கும். இதற்கு இறக்கையே கிடையாது. வேலைக்கார எறும்புகளைப் போலவேதான் இருக்கும், வயிறு மட்டும் ஒரு நூல் அளவு கூடுதல் பருமன். அதை நீ வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தாய். முட்டை போடுவது எது, மற்றவை யாரைச் சுற்றி உட்காருகின்றன என்று பார்த்துப் பார்த்து, ஒரு நாள் எனக்குப் போன் செய்தாய்: "ஏட்டி, மொதலாளியம்மா யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். எல்லாரும் ஓடுதாங்க, ஒருத்தி மட்டும் ஏசி ரூமுல உக்காந்திருக்கா."

"வந்துட்டாங்களா, சாப்பிட்டாங்களா?" என்று நான் அந்த ராணியைப் பற்றிக் கேட்டதற்கு நீ எத்தனை நாள் கேலி செய்தாய்! "ஒங்க ஊருக்காரிய எறும்புக்கும் 'ங்க' போடுவாளுவ!"

எறும்புகளைப் பற்றி ஆராய்கிறவர் ஒருவருக்கு நீ படங்களை அனுப்பினாய். பேரினம் தெரிகிறது, இனம் சொல்ல முடியவில்லை, இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு, சிலவற்றைச் சாராயத்தில் போட்டு அனுப்ப முடியுமா என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். நீ வாசித்துவிட்டு, "நம்ம ஊருல சாராயத்துல விழுந்தவங்க பத்தாதாமா?" என்றாய். பிறகு, செத்துப் போனவற்றை மட்டும் சேர்த்துவைத்து அனுப்பினாய். எவ்வளவு நாள் வாழும், ராணி போனால் என்ன ஆகும் என்று நீ திருப்பிக் கேட்டதற்கு, தெரியவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதில் உனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு ஆளே இல்லாத ஒன்றை வளர்ப்பது எப்படி?

புள்ளி வைத்த கதையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பனியன்காரி அல்லாமல் வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். ராணியைக் கண்டுபிடித்ததும் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து, குளிரில் அது மடங்கிக் கிடக்கையில் ஊசி முனையால் முதுகில் ஒரு புள்ளி வைத்தாய். வைத்தது எந்த மை? எங்கள் சாம்பிள் ரூமில் தையலுக்கு அடையாளம் போடும் பேனா. துணியைக் கெடுக்காது, தண்ணீர் பட்டால் தானே மறைந்துவிடும். துணியைக் கெடுக்காதது உடம்பையும் கெடுக்காது என்று நினைத்துவிட்டாய். பெட்டியோ எந்நேரமும் ஈரம். மறுநாள் புள்ளியும் இல்லை, ராணியும் இல்லை. எல்லாம் ஒரே முகமாய் இருந்தன. மறுபடி ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்தாய்.

இரண்டாம் முறை விவரமாக வேலை செய்தாய். சாயத்துக்கு அனுப்பும் முன் துணி ரோலின் ஓரத்தில் லாட் நம்பர் எழுதுவோமே, அந்த மை. கொதிக்கிற சாயத் தொட்டியில் வெந்து வந்தாலும் எழுத்து நிற்கும். அந்த வெள்ளை மையில், கடுகில் கால்வாசி இருக்கும் ஒரு புள்ளி. "இனி மொதலாளியம்மா எங்க போனாலும் ஐடி கார்டோடதான் போகணும்" என்றாய்.

அந்தப் புள்ளியைத்தான் இப்போது காணவில்லை. சாயத் தொட்டியைத் தாங்கும் மை, நாள் முழுக்க ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும் எறும்பு வாயைத் தாங்குமா? தெரியவில்லை. புள்ளி உதிர்ந்திருந்தால் ராணி உள்ளேதான் இருக்கிறது. உதிரவில்லை என்றால் இல்லை.

குப்பை சேர்க்கும் மூலையைக் கிளறிப் பார்த்தேன். செத்தவற்றை அங்கேதான் கொண்டு போடும் என்று நீதான் காட்டினாய். துணியில் இழை எண்ண நீ வைத்திருந்த அந்த மடக்கு லென்ஸால் ஒவ்வொரு துணுக்காகப் பார்த்தேன். உருண்டைப் பூச்சிகளின் ஓடுகள், இரண்டு தலைகள், சில கால்கள். வெள்ளையாக ஒன்றும் இல்லை. அதில் நிம்மதி வந்தது, அடுத்த நொடியே போய்விட்டது. சாந்தும் வெள்ளைதான் அல்லவா? உதிர்ந்த ஒரு பொடியை அதில் எப்படித் தேடுவது? முட்டைகள் கொஞ்சம் இருக்கின்றன. புதியவையா பழையவையா என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை வெயில் காரணமோ, ஈரம் குறைந்ததோ, நான் நனைத்து வைக்கும் துணியில் ஏதாவது இருந்ததோ? பத்து தடவை துவைத்த பழைய பனியன்தான் வைக்க வேண்டும், புதுத் துணியில் என்னென்ன ரசாயனம் ஏறியிருக்கும் என்று நமக்குத்தானே தெரியும் என்பாய். அப்படித்தான் வைக்கிறேன். இருந்தும் அந்தத் துணியை மூன்று முறை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்குள்ள எல்லாரும் எறும்பு போகோணும்னு மருந்து வாங்கறாங்க. எம்பொண்டாட்டி எறும்பு போயிருமோன்னு காவலிருக்கறா" என்றார். வழக்கமாக நானும் சிரிப்பேன். இன்று அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஏம்புள்ள, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டுத் தானே போய்ப் பாலை வைத்தார்.

அண்ணனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு அவர் இந்தப் பெட்டியை ஒரு டவலில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். "ஒங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னா, தங்கச்சி. எனக்கு இத வச்சுப் பாத்துக்கத் தெரியாது." அப்போது அவர் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அவர் வேலை பார்க்கும் பனியன் யூனிட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. சாப்பிட்டாரா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பார். சட்டை தொளதொளவென்று தொங்கும்.

ஒரு நாள் இரை தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பூந்தொட்டிகளுக்கடியில் ஒரு உருண்டைப் பூச்சிகூட இல்லை. வேறு வழியில்லாமல் அவருக்குப் போன் செய்தேன். "எங்கன கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவிநாசி பக்கம் ஒரு தென்னந்தோப்பில், சொட்டுநீர்க் குழாய் ஓரம் கிடந்த மட்டைகளைப் புரட்டிப் புரட்டி, ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் கொண்டு வந்தார். நகக்கண்ணெல்லாம் மண். பெட்டியில் ஒன்றைப் போட்டதும் வளைந்த தாடை வந்து குத்தியதைப் பார்த்து, "ஆத்தாடி, அவ தின்ன மாதிரியே அவசரம்" என்றார். நீ போன பிறகு அவர் உன்னைப் பற்றிச் சொன்ன முதல் வேடிக்கை அது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு முறை தோப்புக்குப் போவார், ஞாயிறன்று டிபன் பாக்ஸோடு வருவார். பிறகு வேலைக்கும் போக ஆரம்பித்தார். பெட்டியின் முன் உட்கார்ந்து வெள்ளைப் புள்ளி தெரியும் வரை காத்திருப்பார். தெரிந்ததும் "இருக்கா" என்று சொல்லி எழுந்து, காபி கேட்பார். வேறொன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இப்போது உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தையும் எழுதிவிடுகிறேன். உன் நோயை நீ எங்கள் இருவரிடமும் மறைத்தாய். டாக்டர் சொன்ன பிறகும், சீசன் முடியட்டும், ஷிப்மெண்ட் போகட்டும் என்று நீயே ஒரு நாள் குறித்து வைத்துக்கொண்டு, இருமல் என்றாய், பஞ்சுத்தூசி என்றாய். பஞ்சுத்தூசி என்றால் இந்த ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் பாவம், பயந்த மனுசன், தாங்க மாட்டார் என்றாய். அன்பினால்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அவர் என்னிடம் சொன்னதை நீ கேட்கவில்லை. போன மாதம், இதே ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன தங்கச்சி செஞ்சிருக்கப் போறேன்? ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். கூட உக்காந்திருப்பேன்லா. அந்தக் கொஞ்ச நாளையும் நான் நைட் ஷிப்ட் பாத்து ஓட்டிட்டேன்லா."

அதைக் கேட்டவள்தான் நான். கேட்டும்கூட இன்று காலை என்ன செய்தேன் தெரியுமா?

பெட்டியிலிருந்து கொஞ்சம் பருமனாகத் தெரிந்த ஒன்றைக் குழாயில் பிடித்தேன். ஃப்ரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆபீஸ் பையிலிருந்து அந்த வெள்ளை மைப் பேனாவை எடுத்தேன். ஊசியையும் எடுத்து வைத்தேன். ஒரு புள்ளி. கடுகில் கால்வாசி. அண்ணனுக்குப் புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் "இருக்கா" என்பார், காபி குடிப்பார், அடுத்த வாரமும் தோப்புக்குப் போவார். கூடு ஒரேயடியாக அழியாது. ராணி இல்லாவிட்டாலும் இருப்பவை இன்னும் பல மாதம் ஓட்டும். அதற்குள் அவர் தேறிவிடுவார். இதையெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் தயிர் எடுக்க வந்தார். "ஏம்புள்ள, உள்ள ஒருத்தரு குளிருல படுத்திருக்கறாரே, போர்வை கீர்வை வேணுமான்னு கேட்டியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்துவிட்டது. என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தூசி என்றேன்.

தூசி. வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் உன் குரல்போலவே எனக்குக் கேட்டது.

குழாயை எடுத்துப் பெட்டிக்குள் சாய்த்தேன். அது கொஞ்ச நேரம் கால் மடக்கிக் கிடந்தது. செத்துவிட்டதோ என்று பெட்டியின் மேல் குனிந்தேன். பிறகு ஒரு உணர்கொம்பு அசைந்தது. இன்னொன்று வந்து அதன் முகத்தைத் தொட்டுப் பார்த்தது. இரண்டும் சேர்ந்து குழிக்குள் போயின. எது எது என்று எனக்கு மறுபடி தெரியாமல் போயிற்று.

இந்த மாதிரி எறும்புகள் சிலவற்றில், ராணி போனால் வேலைக்கார எறும்புகளில் ஒன்று முட்டையிட ஆரம்பிக்கும் என்று நீ ஒரு முறை சொன்னாய். இதில் அப்படி நடக்குமா என்று கேட்டேன். "பாத்தவங்க யாரும் கெடையாது. நாமதான் பாக்கணும்" என்றாய். இப்போது பார்ப்பதற்கு நீ இல்லை. நான் ஒருத்தி பார்த்தால் பயத்தில் ஒன்றும் தெரிவதில்லை, கண் முன்னால் இருக்கும் முட்டைகூடக் கலங்கித் தெரிகிறது. இரண்டு பேராக உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை இது.

உன் லென்ஸ் இப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது. கீல் தளர்ந்துவிட்டது. உன் பெருவிரல் படும் இடத்தில் பித்தளை பளபளக்கிறது. துணி பார்க்க நான் அதை எடுப்பதில்லை. ஆனாலும் ஒரு நாளும் அதை விட்டுவிட்டு வெளியே போனதில்லை.

இதை இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை நான் வைத்திருக்கப் போவதில்லை. இன்று சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு அண்ணனின் யூனிட் வாசலில் போய் நிற்கப் போகிறேன். என்னை அங்கே பார்த்ததும் அவர் முகம் மாறும், எனக்குத் தெரியும். நாக்கு தடுமாறி வேறெதையாவது பேசிவிடக் கூடாது என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் லென்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

"அண்ணா, மொதலாளியம்மாவக் காணோமுங்க. இருக்கறாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியலீங்க. வாங்க, கூட உக்காந்து பாக்கலாம்."